பட்டியலில் அடிக்கப்பட்ட பன்னிரண்டாவது பாட்டு

2018 மே மாதம் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்கு வேன் எடுத்துப் போனோம். திருச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, புதுக்கோட்டை தாண்டியதும் டிரைவர் தம்பி, "யாராவது போனைக் கனெக்ட் பண்ணுங்க, என் பென்டிரைவ்ல எல்லாம் பழசுதான் இருக்கு" என்றார். முன் சீட்டில் இருந்த நான் என் போனைக் கொடுத்தேன். அப்போது நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது. கானாவும் ராப்பும் கலந்து வடசென்னைப் பையன்கள் பாடியது. முதல் சரணம்கூட முடியவில்லை. பின் சீட்டிலிருந்து என் நாத்தனார், "அண்ணி, இது உங்க போனா, பாப்பா போனா?" என்று கேட்டாள். வேன் முழுக்கச் சிரிப்பு. "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல என்ன அண்ணி இது? கோயிலுக்குப் போறோம், ஒரு சாமி பாட்டு போடுங்க." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கணவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பாட்டை மாற்றினேன். எனக்கு அப்போது 51 வயது. முகம் சூடாகிப் போனது இன்றும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய தப்பு. பாட்டை ஒளித்துக் கேட்க ஆரம்பித்தேன். சமையலறையில் ஒரு காதில் மட்டும் இயர்போன், முந்தானையில் போன். யாராவது வந்தால் நிறுத்திவிடுவேன். பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் பாட்டுப் பேச்சு வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். என் வயதுதான் எங்கள் பள்ளி அறிவியல் சாருக்கும். அவர் போனில் புதுப் படத்தின் குத்துப் பாட்டு ரிங்டோனாக அலறும். "சார் எப்பவும் இளமைதான்" என்பார்கள். அதே பாட்டு என் போனில் வந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வயது கூடக்கூடப் பெண்ணுக்குக் கேட்க அனுமதிக்கப்பட்ட பாட்டு குறைந்துகொண்டே போகிறது. ஐம்பதுக்கு மேல் கந்த சஷ்டியும் விஷ்ணு சகஸ்ரநாமமும் போதும் என்று யாரோ எழுதி வைத்ததுபோல நடந்துகொள்கிறோம். எனக்கு அவையும் பிடிக்கும். அவை மட்டும் என்றால்தான் மூச்சு முட்டுகிறது.

இதை எழுதும்போது என் பங்கையும் சொல்லியாக வேண்டும். என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். நாங்கள் வளர்ந்தது திருச்சி வானொலியிலும் இலங்கை வானொலியிலும். 1976-இல் அன்னக்கிளி வந்து இளையராஜா என்ற பெயரை ஊரே சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துப் பாட்டுதான் உயிர் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அப்பா ஓய்வு பெற்றபின், 1993 வாக்கில், தெப்பக்குளம் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கேசட் பதிவு செய்து வரச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்தார். பணிமனையின் பழைய சிட்டை ஒன்றின் பின்பக்கம், நீல மையில், சாய்வான எழுத்தில் பன்னிரண்டு பாட்டுகள். அறுபது நிமிட டிடிகே கேசட்டில் அவ்வளவுதான் பிடிக்கும் என்று எண்ணித்தான் எழுதியிருந்தார். பதினொன்று நாங்கள் எதிர்பார்த்தவை. பன்னிரண்டாவது ரோஜா படப் பாட்டு. முந்தின வருடம்தான் ரஹ்மான் அந்தப் படத்தில் அறிமுகமாகியிருந்தார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். "அப்பா, இது உங்களுக்கா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பதினொண்ணு போதும். மிச்சத்தில் ஏதாவது நீ போட்டுக்கோ" என்றார். அந்தப் பாட்டு அவருக்கு ஏன் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. 2004-இல் இறந்துபோனார். வேனில் என் முகம் சூடானபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பேனாதான்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவர் எதிர்பாராத பாட்டு எதையாவது கேட்டால் சிரிக்காதீர்கள், "எந்த இடம் பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். உங்களை யாராவது கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு, இந்தப் பாட்டு முடியட்டும், அப்புறம் உங்க பாட்டு" என்று நிதானமாகச் சொன்னால் போதும். அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இளவயதுப் பாட்டு மனதில் ஆழமாக நிற்பது உண்மைதான். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்றக் காலத்தைவிட அழுத்தமாகப் பதிகின்றன என்று உளவியல்காரர்கள் சொல்கிறார்கள். பழைய பாட்டு அழுத்தமாக நிற்பதால் புதுப் பாட்டுக்கு இடமில்லை என்று ஆகிவிடாது. நான் இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறவள்.

2021 மார்ச்சில் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை. ஒப்பாரிச் சாயலும் ராப்பும் கலந்து, தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் கதை. என் பாட்டி சாவு வீட்டில் பாடிய இழுப்பு அதில் இருந்தது. ஊரடங்கில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கே இல்லை. அதை யாரிடமும் பேச முடியாமல் இருந்ததுதான் பாட்டுக்கு மேல் பெரிய கனமாக இருந்தது. அடுத்த வருடக் கடைசியில் சென்னையில் இந்த மாதிரிப் பாடகர்கள் பலர் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி ஒன்று அறிவித்தார்கள். பெங்களூரில் இருக்கும் மகளிடம்கூடச் சொல்லாமல் டிக்கெட் போட்டேன். 2,500 ரூபாய். ரயில், ஆட்டோ, எழும்பூரில் ஒரு லாட்ஜ் எல்லாம் சேர்த்து 6,400 ஆனது. கணவரிடம் தோழி வீட்டு விசேஷம் என்று பொய் சொன்னேன். முப்பது வருட வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன பொய்கள் குறைவு. பாட்டுக் கேட்கப் போவதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது.

மைதான வாசலில் செக்யூரிட்டி தம்பி, "அம்மா, பிள்ளைங்களை விட வந்த பேரன்ட்ஸ் அந்தப் பக்கம் நிக்கணும்" என்று கை காட்டினார். டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கி இருமுறை பார்த்தார். "தனியாவா?" என்றார். உள்ளே நின்று பார்க்கும் டிக்கெட்தான் எனக்குக் கிடைத்திருந்தது. நாற்காலி இல்லை, கழிப்பறைக்கு அரை மணி நேர வரிசை, குடிதண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னால் நின்றால் மறைக்கிறது என்று நகர்ந்து நகர்ந்து, கடைசியில் இடது பக்க ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே பத்தடியில் போய் நின்றேன். மூன்று மணி நேரம். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் என்னைக் கையைப் பிடித்து ஆட வைத்தார்கள், வார்த்தைகள் எனக்குத் தெரிந்திருந்தது கண்டு கத்தினார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல வருடம் ஆகியிருந்தது. லாட்ஜுக்குத் திரும்பியபோது காதில் ங்ஙொய் என்று ஒரு சத்தம். அது இரண்டு நாள் நிற்கவில்லை. பொய் சொல்லிப் போனதால் யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை.

இப்போது தெரிந்துகொண்டதை அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். ஸ்பீக்கர் எதிரே அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். இது இருபது வயதுக்காரருக்கும் அதேதான். அதனால் போங்கள், எந்த வயதிலும் போங்கள். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, ஒலிக்கலவை மேசை போட்டிருக்கும் இடத்துக்கு அருகில் நில்லுங்கள். அங்கேதான் பாட்டும் சரியாகக் கேட்கும். இசைக்கென்றே செய்த காது அடைப்பான் கிடைக்கிறது, அது பாட்டைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். பஞ்சு வைத்தால் பயனில்லை. மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வாருங்கள். உட்காரும் டிக்கெட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். காதில் இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அதே நாளில் ஓட வேண்டும், ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

2023-இல் புதுப் பாட்டுகள் என்னை விட்டுப் போக ஆரம்பித்தன. சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. ராப் பாட்டு ஒரே கொழகொழவென்று இருந்தது. தாளம் மட்டும் நெஞ்சில் இடித்தது. மகளிடம் ஒருநாள், "இப்போ வர்ற பாட்டெல்லாம் ஏன் இப்படி இருக்கு?" என்றேன். "வயசாயிடுச்சும்மா உனக்கு" என்று செல்லமாகச் சொன்னாள். ஸ்டாஃப் ரூமில் அதையே சொன்னபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. "இப்போ பாட்டுல வார்த்தை எங்க டீச்சர் கேட்குது? அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்றார்கள். நாத்தனார், "இப்பதான் அண்ணி வழிக்கு வந்திருக்கீங்க" என்றாள். அத்தனை பேர் ஒரே பதிலைச் சொன்னதால் நானும் நம்பினேன். ரசனை மாறிவிட்டது, வயது வந்துவிட்டது, சரி, இனி எண்பதுகளின் பாட்டு போதும் என்று போனில் இருந்த புதுப் பாட்டுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் அழித்தேன். மொத்தம் நானூறு பாட்டுக்கு மேல், ஐந்து வருடமாகச் சேர்த்தவை. எண்பதுகளின் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அதுவே எனக்குப் போதுமான சாட்சியாகத் தெரிந்தது.

அது பொய்ச் சாட்சி என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது. 2024 ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "என்னம்மா?" என்றேன். திரும்பச் சொன்னாள். மறுபடி "என்ன?" என்றேன். முன் பெஞ்சில் இருந்தவள் எழுந்து, அவள் கேட்டதை என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். அதில் ஒரு பழக்கம் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "போன வருஷத்துல இருந்தே அப்படித்தான் டீச்சர். நாங்களே முன்னாடி இருக்கிறவங்க மாத்தி மாத்திச் சொல்லிடுவோம்" என்றாள். பிள்ளைகள் ஒரு வருடமாக எனக்காகச் செய்துகொண்டிருந்ததை என் வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று மாலை தனியாக மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன்.

தில்லை நகரில் ஒரு டாக்டர் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, ஜவ்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடது ஓரத்தில் கனமான ஒலிக்கு 250 ஹெர்ட்ஸ், வலது ஓரத்தில் கீச்சொலிக்கு 8000. கோடு கீழே இறங்க இறங்கக் காது மந்தம். கணக்கு டீச்சருக்கு ஒரு வரைபடம் புரியாமலா போகும். 1000 வரை கோடு சமமாக ஓடி, அதற்குப் பிறகு மாடிப்படி இறங்குவதுபோல மடமடவென்று கீழே போனது. கனமான ஒலிகள் எல்லாம் கேட்கிறது, கீச்சென்ற மேல் ஒலிகள் போய்விட்டன. தமிழில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளின் பலம் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. ச, த, ப, க போன்றவற்றை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் மேல்பக்கத்து மெல்லிய ஒலி. அதனால்தான் சத்தம் கேட்டு, சொல் புரியாமல் இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் காது மந்தம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் ஒன்றும் அபூர்வமான கேஸ் இல்லை. அந்த ஒரு இரவு நிகழ்ச்சியால் வந்ததா என்று பயந்து கேட்டேன். "பல வருஷமா மெதுவா இறங்கினது மாதிரிதான் இருக்கு, ஒரு நாள்ல ஆனதுன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரி சத்தம் நல்லதும் இல்லை" என்றார்.

காது மெஷின் வாங்கியதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கடையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர் இருக்கீங்க?" என்பது. நான் டீச்சர் என்றேன், பாட்டு நிறையக் கேட்பேன் என்றேன். விற்றவர் சிரித்தபடி, "உங்க வயசுக்குப் பேச்சு நல்லாக் கேட்டா போதும்மா. பாட்டெல்லாம் அப்புறம். அதுக்குன்னு தனியா எதுவும் தேவையில்லை" என்றார். இரண்டு காதுக்கும் சேர்த்து 1,24,000 ரூபாய். பி.எஃப். கடனில் எடுத்தேன். பேச்சு உடனே தெளிவாகக் கேட்டது, அதை மறுக்க மாட்டேன். தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டு அடுப்பருகே நின்றுவிட்டேன், அப்படி ஒரு சத்தம் இருந்ததையே மறந்திருந்தேன். ஆனால் அன்று இரவு புல்லாங்குழல் கேட்டபோது ஒவ்வொரு நீண்ட சுரமும் தண்ணீருக்கடியில் ஊதுவதுபோல நடுங்கியது. சுருதிப் பெட்டி ஏறி ஏறி இறங்கியது. உறையூர் வெக்காளியம்மன் கோயிலில் நாதஸ்வரம் வாசித்தபோது கிழிந்த ஸ்பீக்கர்போல இரைந்தது. கடைக்குப் போன் செய்தேன். "வயசானா அப்படித்தான்மா இருக்கும், மூளை பழகணும், ஆறு மாசம் ஆகும்" என்றார்கள். மறுபடி வயது. நான் மறுபடி நம்பினேன். வகுப்பில் மட்டும் மாட்டிக்கொண்டு, பாட்டை அறவே விட்டேன். ஐந்து மாதம் பாட்டில்லாமல் இருந்தேன். அதற்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற ஒரு மாதத் தவணையும் எப்போதோ முடிந்திருந்தது. அப்படி ஒரு தவணை இருந்ததே பில்லின் பின்பக்கத்தைப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

என்னைக் காப்பாற்றியது சக டீச்சர் ஒருவரின் மருமகள். அவர் வேலை பார்க்கும் இடத்தில் இருந்த ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினை அமைத்துத் தருபவர், முப்பது வயதுகூட இருக்காது, என்னை உட்கார வைத்து முதலில் கேட்டது, "என்ன பாட்டு கேட்பீங்க மேடம்?" என்று. எனக்குப் பேச்சு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், புதுப் பாட்டு பிடிக்காமல் போனதையும் சொன்னேன். அவர் மெஷினைக் கழற்றச் சொல்லிவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டார். வார்த்தை தெளிவாகக் கேட்கிறது என்றேன். அடுத்து அதே காலத்து, அதே பாடகி பாடிய, நான் கேட்டே இராத ஒரு பாட்டைப் போட்டார். பல்லவியில் இரண்டு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. "முதல் பாட்டை நீங்க கேட்கலை மேடம். உங்களுக்கு மனப்பாடம். காது விட்டதை ஞாபகம் நிரப்புது" என்றார். நான் அந்த நாற்காலியிலேயே அசையாமல் இருந்தேன். புதுப் பாட்டில் நிரப்புவதற்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். என் ரசனை எங்கேயும் போகவில்லை. ரசனை என்று நான் நினைத்தது காது, காது என்று நினைத்தது மனப்பாடம். இதை வயது என்ற ஒரு சொல்லில் போட்டு மூடிவிட்டோம், நானும் சேர்ந்து.

பிறகு மெஷின் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று விளக்கினார். அது மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெஷின் தானே விசிலடித்துக்கொள்வதைத் தடுக்க அதற்குள் ஒரு வசதி இருக்கிறது. புல்லாங்குழலின் நீண்ட சுரத்தை அது விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும், அதுதான் நடுக்கம். இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. விடாமல் ஒலிக்கும் சுருதியை அது மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். மெல்லிய ஒலியை ஏற்றி, பெரிய ஒலியை இறக்கும் வசதி வேகமாக வேலை செய்தால் வீணையின் கமகம் சப்பையாகிவிடும். மேல் ஒலிகளைக் கீழே இறக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால் பாட்டு அபசுரமாகும். பேச்சைவிடப் பல மடங்கு பெரிய நாதஸ்வர ஒலியை வாங்கும்போது மைக்கே திணறும். அவர் என் மெஷினில் இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பை ஏற்படுத்தி, இவற்றை நிறுத்தியோ குறைத்தோ வைத்தார். காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானை நீளமாக அழுத்தினால் பேச்சிலிருந்து பாட்டுக்கு மாறும். அந்த வசதி நான் வாங்கிய நாளிலிருந்தே அந்த மெஷினில் இருந்தது. யாரும் திறந்து வைக்கவில்லை. ஒருமுறைக்கு 700 ரூபாய் வீதம் நான்கு முறை போனேன்.

மெஷின் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றை மனதில் வையுங்கள். முதலில் டாக்டர், பிறகு ஆடியோகிராம், அதன் நகல் கட்டாயம் உங்கள் கையில். கடைக்கு உங்கள் போனில் ஐந்தாறு பாட்டோடு போங்கள், அங்கேயே மாட்டிக்கொண்டு கேளுங்கள். இசைக்குத் தனி அமைப்பு உண்டா, அதை வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். "உங்க வயசுக்கு" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். திருப்பித் தரும் தவணை எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள், அந்த நாட்களில் பேச்சு, பாட்டு, கோயில், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். சில கடைகளில் தாங்கள் மட்டுமே அமைப்பை மாற்றும்படி மெஷினைப் பூட்டி விற்பார்கள். பூட்டில்லாத மெஷின் வேண்டும் என்று சொல்லுங்கள். என்னுடையது பூட்டில்லாமல் இருந்தது தற்செயல்தான். விலை கூடினால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று கணக்குப் போடாதீர்கள், சரியாக அமைத்துத் தரும் ஆள்தான் முக்கியம். பணம் இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம், தகுதி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். அப்புறம் சின்ன விஷயம், ஆனால் எனக்கு ஒரு அட்டை பேட்டரி வீணானது: பொத்தான் பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்ததும் உள்ளே போடாதீர்கள், ஒரு நிமிடம் காற்றுப் பட வையுங்கள். அது காற்றில்தான் வேலை செய்கிறது. நம் ஊர் வியர்வைக்கு இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மெஷினை வைப்பதும் அவசியம்.

பாட்டு ஒரே நாளில் திரும்பி வரவில்லை. தினமும் அரை மணி நேரம், ஒரே பாட்டை வரிகளைப் படித்துக்கொண்டே கேட்டேன். இரண்டாவது வாரத்தில் படிக்காமலே சில வார்த்தைகள் எழுந்து வந்தன. சில திரும்பவே இல்லை. ஜால்ராவின் கடைசி மினுமினுப்பு எனக்கு இனி இல்லை. கூட்டத்தில் வாசிக்கும் புல்லாங்குழலைவிட ஹெட்போனில் கேட்பதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது. அதற்காக வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் 2021-இன் அந்தப் பாட்டை மறுபடி கேட்டபோது ஒப்பாரி இழுப்பின் முடிவில் மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. முதல் தடவை கேட்ட காலத்தில்கூட அதை நான் கவனித்ததில்லை. இப்போது சமையலறையில் ஸ்பீக்கரிலேயே போடுகிறேன். கணவரிடம் சென்னை போன கதையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் வந்திருப்பேனே" என்றார். அது உண்மையா என்று அடுத்த நிகழ்ச்சிக்குத் தெரியும், உட்காரும் டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் வீட்டில் டிவி சத்தம் 38-இல் ஓடுகிறது. ஆடியோகிராம் எடுக்கக் கூப்பிட்டேன், "எனக்கென்ன அண்ணி, நல்லாத்தான் கேட்குது" என்கிறாள். மறுபடியும் கூப்பிடுவேன்.

அப்பாவைப் பற்றி அந்த ஆடியாலஜிஸ்ட்டிடம் கடைசி முறை சொன்னேன். பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் சுத்தியல் சத்தத்தில் நின்றவர், நாங்கள் கத்திக் கத்திப் பேசுவோம் என்றேன். அவருக்கும் மேல் ஒலிகள் போயிருக்கலாம் என்றார். அப்படியானால் பழைய பதினொரு பாட்டும் அவருக்கு மனப்பாடமாக ஓடியிருக்கும். அந்தப் பன்னிரண்டாவது ஒன்றைத்தான் அவர் உண்மையிலேயே புதிதாகக் காதால் கேட்டிருப்பாரோ என்னவோ. அடுத்த மாதம் 8-ஆம் தேதி மெஷினை மறுபடி சரிபார்க்கப் போகிறேன். எடுத்துப் போக ஒரு தாளில் பாட்டுகளை எழுதி, எதில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். பதினோரு பாட்டு எனக்கு. பன்னிரண்டாவது வரியில் அப்பா அடித்ததை எழுதியிருக்கிறேன்.